சக்கரை என்றால்?

தமிழ்ச்செல்வி மிஸ்ஸுக்கு ஒரு காரியம் மனசில் பட்டுவிட்டால் அப்புறம் சோறு தண்ணி கிடையாது. அதை முடித்தால்தான் ஆச்சு. இந்த வருஷம் பள்ளி திறந்ததும் அவள் மனசில் பட்டது, தன் யூகேஜி பிள்ளைகளின் டிபன் டப்பா. சிதம்பரம் மேல வீதிப் பக்கம் ஒரு சந்துக்குள் இருக்கிற சின்ன நர்சரிப் பள்ளி அது. மழலைச் சோலை என்று பெயர். சோலைக்கு அடையாளமாக ஒரு செடிகூடக் கிடையாது. டப்பாவைத் திறந்தால் ஒன்றில் க்ரீம் பிஸ்கட், ஒன்றில் பன், இன்னொன்றில் இட்லி மேல் குவித்துக் கொட்டிய சர்க்கரை. இளவரசு என்று ஒரு வாண்டு, முன்பல் முழுக்கக் கறுத்துப்போய் ஈ என்று சிரித்தான். பார்க்கப் பார்க்க அவளுக்கு வயிறு எரிந்தது.

"பெத்தவுங்கள நிக்க வெச்சு கேக்கணும்" என்று ஆயா மலர்க்கொடியிடம் பொருமினாள். பெற்றவர்களைக் கேட்டால் பள்ளி முதலாளி ஸ்ரீதர் சார் இவளைக் கேட்பார். ஆகவே பிள்ளைகளைப் பிடித்தாள்.

சும்மா சொல்லக் கூடாது, பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பதில் அவள் கெட்டிக்காரிதான். காலையில் பிரேயர் முடிந்ததும் முற்றத்தில் நிறுத்திக் குதிக்க வைப்பாள். குதிக்கும்போதே கேள்வி கேட்பாள். மைதா என்றால்? பசை என்று கத்த வேண்டும், போஸ்டர் ஒட்டுவதுபோல் சுவரில் கையைத் தேய்க்க வேண்டும். பாக்கெட் என்றால்? குப்பை. ஓடிப்போய்த் தொட்டியில் போடுவதுபோல் பாவனை. சக்கரை என்றால்? விஷம். அதற்குக் கழுத்தைப் பிடித்துக்கொண்டு, நாக்கைத் தள்ளி, தொப்பென்று கீழே விழுந்து செத்துப்போக வேண்டும். பிள்ளைகளுக்குச் சாவதில் அப்படி ஒரு குஷி. செத்தவர்கள் எழுந்து, இன்னொரு தடவை மிஸ், இன்னொரு தடவை மிஸ் என்று கெஞ்சுவார்கள்.

நான்கே வாரத்தில் டப்பாக்களில் சுண்டலும் கேழ்வரகு அடையும் வர ஆரம்பித்தன. பிள்ளைகள் வீட்டில் பாலில் சர்க்கரை போட விடுவதில்லையாம். ஓர் அப்பா டீ குடிக்கப் போனால் மகன் காலைக் கட்டிக்கொண்டு, சாவாதப்பா என்று அழுகிறானாம். பெற்றவர்கள் வந்து கைகூப்பிவிட்டுப் போனார்கள். ஸ்ரீதர் சார் அட்மிஷன் நோட்டீஸிலேயே அதைப் போட்டுவிட்டார். தமிழ்ச்செல்விக்குத் தலை கொஞ்சம் கனத்துத்தான் போயிருந்தது.

காலாண்டு லீவு முடிந்து புதிதாக ஒரு பிள்ளை வந்து சேர்ந்தது. மேரி ஷாலினி. கடலூர் முதுநகர்க் குடும்பம். மகளின் வைத்தியத்துக்குப் பக்கமாக இருக்கட்டும் என்று சிதம்பரத்தில் வீடு பார்த்து வந்திருந்தார்கள். அம்மா சவரிமேரி ஜவுளிக்கடையில் வேலை செய்தாள். முதல் நாளே வகுப்பு வாசலில் நின்று பிள்ளையைப் பற்றிச் சொன்னாள்.

"மிஸ், இவளுக்கு சுகர் இருக்கு. மூணு வயசுல வந்துச்சு. தெனமும் ஊசி போடுறோம். சாப்பாடு கொறஞ்சாலோ, ஓடியாடி வெளையாண்டாலோ சடார்னு எறங்கிடும். வேர்க்கும், கை நடுங்கும், காரணமே இல்லாம அழுவா. அப்ப ஒடனே குளுக்கோஸ் குடுத்துடணும் மிஸ். பையில சின்ன டப்பாவுல வெச்சிருக்கேன். லேட் பண்ணா மயக்கம் போட்டுடுவா, ஃபிட்ஸ்கூட வந்துடும்."

தமிழ்ச்செல்வி எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். ஆனால் சுகர் என்ற சொல் காதில் விழுந்ததுமே அவள் மனசு ஒரு முடிவுக்கு வந்துவிட்டது. அவள் பெரியப்பாவுக்கும் சுகர்தான். பாயசத்தைப் பார்த்துப் பெருமூச்சு விட்டுக்கொண்டே காலத்தைத் தள்ளுகிறவர். அவளுக்குத் தெரிந்த சர்க்கரை வியாதி ஏறும். இறங்கும் என்பது சவரிமேரி சொன்ன பேச்சோடு வந்து அந்தப் பேச்சோடு போய்விட்டது.

அன்றைக்கே ஷாலினியை வகுப்பு முன்னால் நிறுத்தினாள். "புள்ளைங்களா, நம்ம ஷாலினிக்கு சக்கரை இருக்கு. அதனால யாரும் அவளுக்கு சாக்லேட் கீக்லேட் குடுக்கக் கூடாது. அவகிட்டேருந்தும் வாங்கித் திங்கக் கூடாது. புரிஞ்சிதா?"

புரிஞ்சிது மிஸ் என்று வகுப்பே பாடியது. நல்லெண்ணத்தில் செய்த காரியம்தான் இதுவும். நல்லெண்ணத்துக்கு அவளிடம் ஒரு நாளும் குறைவு இருந்ததில்லை.

பொங்கல் கழிந்து ஒரு நாள் சவரிமேரி மறுபடியும் வாசலில் வந்து நின்றாள். "மிஸ், வூட்ல எறங்குறப்ப குளுக்கோஸ் கரைச்சிக் குடுத்தா வாய இறுக்க மூடிக்கிறா. விஷமாம். அவுங்கப்பா புடிச்சிக்க, நான் ஊத்துறேன். நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க மிஸ், அது மருந்து மாதிரின்னு."

"சொல்றேன்மா" என்றாள் தமிழ்ச்செல்வி. உள்ளுக்குள், பாரேன், எப்படிப் பதிந்திருக்கிறது நம்ம பாடம் என்று ஒரு சந்தோஷம். ஒரு பிள்ளைக்காக மட்டும் பாடத்தை மாற்றிச் சொன்னால் மற்றதுகள் குழம்பிவிடும், அப்புறம் பார்க்கலாம் என்று விட்டாள். அந்த அப்புறம் வரவேயில்லை.

மாசி மாதம் கடலூர் மஞ்சக்குப்பம் மைதானத்தில் ஒரு சங்கத்துக்காரர்கள் ஆரோக்கியக் குழந்தைகள் விழா வைத்தார்கள். சிதம்பரத்திலிருந்து மழலைச் சோலையும் வேன் பிடித்துக்கொண்டு கிளம்பியது. விடியற்காலையில் எழுப்பியதால் பிள்ளைகள் பாதித் தூக்கத்தில் இருந்தன. வேன் ஏற்றும்போது சவரிமேரி ஜன்னலைப் பிடித்துக்கொண்டு, "ஊசி போட்டாச்சு மிஸ், ஆனா அர இட்லிதான் தின்னா. பாத்துக்கங்க" என்றாள். பாத்துக்கறேம்மா என்று சொன்ன கையோடு தமிழ்ச்செல்வி யார் யார் தொப்பி மாட்டியிருக்கிறார்கள் என்று பார்க்கப் போய்விட்டாள்.

மைதானம் முழுக்கப் பந்தல். சர்க்கரை இல்லா உலகம் செய்வோம் என்று பெரிய பேனர். கம்பங்கூழ் ஒரு பக்கம், முளைகட்டின பயறு ஒரு பக்கம், நெல்லிக்காய்ச் சாறு ஒரு பக்கம். முதலில் பிள்ளைகளுக்கு ஓட்டம் வைத்தார்கள். ஷாலினிக்கு ஓடுவதென்றால் உயிர். ரெட்டைச் சடை ஆட ஆட, மைதானத்தை முழுச் சுற்று சுற்றி வந்தாள். தமிழ்ச்செல்வி கைதட்டி, "வாடி என் தங்கமே" என்று கூவினாள்.

அதற்கப்புறம் மேடை. வரிசையில் நிற்கும்போது ஷாலினி தரையில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள்.

"எழுந்திரு. அடுத்தது நாமதான்."

"மாட்டேன்."

"என்னா அடம் இது, எல்லாரும் பாக்குறாங்க" என்று கையைப் பிடித்துத் தூக்கினாள். கை சில்லென்று ஈரமாக இருந்தது. மற்ற பிள்ளைகளுக்கெல்லாம் வேர்வை காய்ந்து வெகு நேரம் ஆகியிருந்தது. இவளுக்கு மட்டும் நெற்றியிலிருந்து ஊற்றியது. விரல்கள் தனித்தனியாக நடுங்கின. சவரிமேரி முதல் நாள் வாசலில் நின்று சொன்னது ஒவ்வொன்றாக அப்போதுதான் தமிழ்ச்செல்விக்கு உறைத்தது. 

பையைப் பிடுங்கித் திறந்தாள். டப்பா இருந்தது. மூடியைத் திருகினால் உள்ளே ஒன்றும் இல்லை.

"இதுல இருந்தது எங்கடா கண்ணு?"

"குப்பையில போட்டுட்டேன் மிஸ்." குழறிக் குழறித்தான் சொன்னாள். "அம்மா வெக்கிறத டெய்லி போட்டுருவேன்." சொல்லிவிட்டு மிஸ் முகத்தைப் பார்த்தாள். வெரி குட் சொல்வாள் என்று எதிர்பார்த்த பார்வை அது.

தமிழ்ச்செல்வி பிள்ளையை மலர்க்கொடி மடியில் போட்டுவிட்டு ஓடினாள். நெல்லிக்காய்ச் சாறு கடையில் போய் விழாத குறையாக நின்றாள். "கொஞ்சம் சக்கரை குடுங்க, சீக்கிரம்."

கடைக்காரம்மா பெருமையாகச் சிரித்தாள். "சுத்தமா சக்கரையே சேக்கறது இல்ல மேடம்."

கூழ்க்கடையில் உப்பு இருந்தது, மோர் இருந்தது, சர்க்கரை இல்லை. பயறுக் கடையில் வாழைப்பழம் கொடுத்தார்கள். அதை மெல்லுகிற நிலையிலா இருக்கிறது பிள்ளை? பாவிகளா, இத்தனை பெரிய மைதானத்தில் ஒரு சிட்டிகை சர்க்கரை வைத்திருக்க உங்களுக்குத் தோன்றவில்லையே என்று திட்டிக்கொண்டே ஓடினாள். இவளும் அந்த உலகத்தைச் செய்யக் கிளம்பி வந்தவள்தான். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, மைதானத்தைக் கடந்து, ரோட்டைக் கடந்து, எதிரே இருந்த டீக்கடையில் போய் நின்றபோது அவளுக்குப் பேச்சே வரவில்லை. சர்க்கரை டப்பாவைக் கையால் காட்டினாள். டீ மாஸ்டர் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் ஒரு டம்ளரில் அள்ளிப் போட்டுத் தண்ணீர் ஊற்றி ஆற்றிக் கொடுத்தார்.

திரும்பி வந்தபோது ஷாலினி மலர்க்கொடி மடியில் துவண்டு கிடந்தாள். கண் பாதி சொருகியிருந்தது.

"ஆட்டோவுக்கு சொல்லி வுட்டேன் மிஸ், பஸ்ஸுங்கள குறுக்க நிறுத்தி வழிய அடைச்சி வெச்சிருக்கானுங்க" என்றாள் மலர்க்கொடி. 

"ஷாலினி, இதக் குடி கண்ணு. மருந்து."

உதட்டில் பட்டதும் பிள்ளை நாக்கால் தொட்டுப் பார்த்தது. உடனே வாயை இறுக மூடிக்கொண்டது. "சக்கரை" என்றது பல்லுக்குள்ளேயே.

அந்த நேரம் பார்த்து மேடையில் ஸ்பீக்கர் அலறியது. மிஸ்ஸைக் காணோம் என்று ஸ்ரீதர் சாரே மைக்கைப் பிடித்துவிட்டார். மைதா என்றால்? பசை. பாக்கெட் என்றால்? குப்பை. சக்கரை என்றால்?

விஷம் என்று அவள் பிள்ளைகள் அத்தனை பேரும் தொண்டை கிழியக் கத்தினார்கள். மைதானம் கைதட்டியது.

ஷாலினி முகத்தைத் திருப்பி மலர்க்கொடியின் வயிற்றில் புதைத்துக்கொண்டாள். தமிழ்ச்செல்வி தாடையைப் பிடித்துத் திருப்பி டம்ளரை வைத்து அழுத்தினாள். பிள்ளை திமிறியதில் பாதித் தண்ணீர் கவுன்மீதும் கையிலும் கொட்டியது. வாய்க்குள் போன கொஞ்சத்தையும் துப்பிவிட்டது. சுற்றிக் கூட்டம் கூடிவிட்டது. நெல்லிக்காய்க் கடையம்மா வந்து தமிழ்ச்செல்வியின் கையைப் பிடித்தாள்.

"புள்ளைக்கு சுகர்னு ஆயா சொல்றாங்க. சுகர் இருக்குற புள்ளைக்கு சக்கரைய கரைச்சு ஊத்துறீங்களே, படிச்சவங்கதான நீங்க?"

"கைய வுடும்மா" என்றாள் தமிழ்ச்செல்வி. விளக்கம் சொல்ல நேரம் இல்லை. அந்த அம்மாவைத் திட்டவும் முடியவில்லை. நேற்று வரைக்கும் இவளும் அதைத்தானே சொல்லிக்கொண்டிருந்தாள்.

சவரிமேரிக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள். "எறங்கிடுச்சும்மா. சக்கரைத் தண்ணி வெச்சிருக்கேன். வாயத் தொறக்க மாட்டேங்கறா. நீங்க சொல்லுங்க."

"ஷாலு, அம்மா சொல்றன் பாரு, குடிச்சிடு கண்ணு. என் செல்லம்ல." ஜவுளிக்கடை இரைச்சலுக்கு நடுவே அந்தக் குரல் கெஞ்சியது.

"மிஸ் வெசம்னாங்க" என்றது பிள்ளை. அதற்குமேல் பேச அதற்குத் தெம்பு இல்லை.

அது போனில் கேட்டுவிட்டது. சவரிமேரி சொன்னாள். "நான் சொன்னா கேக்க மாட்டா மிஸ். ஊர்ல ஒருத்தர் சொல்லும் கேக்க மாட்டா, உங்க சொல்லத் தவுர. நீங்கதான் சொல்லணும். தூங்க வுட்றாதீங்க. தூங்கிட்டா அப்பறம் வாயில ஊத்த முடியாது."

தமிழ்ச்செல்வி பிள்ளையை வாங்கித் தன் மடியில் நிமிர்த்தி உட்கார வைத்தாள். கன்னத்தைத் தட்டினாள். "மிஸ்ஸப் பாரு. பாக்குறியா?" டம்ளரைத் தூக்கித் தன் வாயில் வைத்து ஒரு மடக்கு குடித்தாள். மிச்சம் இருந்ததே கொஞ்சம்தான். அதில் இது வீணாகப் போகிறதே என்று நெஞ்சு அடித்துக்கொண்டது.

ஷாலினியின் கண் மெல்லத் திறந்தது. மிஸ்ஸின் கழுத்தையே பார்த்தது. மிஸ் எப்போது கழுத்தைப் பிடித்துக்கொள்வாள், எப்போது நாக்கைத் தள்ளுவாள், எப்போது தொப்பென்று விழுவாள் என்று அது காத்திருந்தது. இத்தனை மாதம் சொல்லிக்கொடுத்த பாடம் அல்லவா. தமிழ்ச்செல்வி மூச்சைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தே உட்கார்ந்திருந்தாள். கடவுளே, இந்தக் கண் மூடிவிடக் கூடாது, மூடிவிடக் கூடாது என்று மனசு அரற்றியது.

"வுழலயே மிஸ்" என்றது பிள்ளை.

"வுழ மாட்டேன். அது வெசம் இல்ல."

"நீங்க சொன்னீங்க."

"பொய் சொன்னேன்டா. மிஸ் உங்ககிட்டல்லாம் பொய் சொல்லிட்டேன்."

"பொய் சொன்னா வாயில மொளகா வெப்பீங்க."

"வெச்சிக்கிறேன். எத்தன வேணும்னாலும் வெச்சிக்கிறேன். இப்ப வாயத் தொற சாமி."

பிள்ளை யோசித்தது. அந்த நேரத்தில் அவளுக்கு உயிர் போய் உயிர் வந்தது. அப்புறம் உதடு கொஞ்சமாக விலகியது. தமிழ்ச்செல்வி விரலை டம்ளரில் தோய்த்து உள்கன்னத்தில் தடவினாள். தொண்டை ஏறி இறங்கியது. பிறகு ஒரு சொட்டு, பிறகு ஒரு மடக்கு. அடியில் கரையாமல் கிடந்த சர்க்கரையையும் விரலால் வழித்து ஊட்டினாள்.

"முழுங்கிட்டாளா மிஸ்?" என்று போனில் சவரிமேரி கேட்டுக்கொண்டே இருந்தாள். "முழுங்கிட்டாளா?"

"முழுங்கிட்டாம்மா" என்று சொல்லும்போதுதான் தமிழ்ச்செல்விக்கு அழுகை வந்தது. கூட்டத்தைப் பற்றிக் கவலைப்படாமல் அழுதாள்.

அப்புறமும் பிள்ளை உடனே தெளிந்துவிடவில்லை. ஆட்டோ வந்து சேருவதற்குள் நடுக்கம் நின்றது, கண்ணில் வெளிச்சம் வந்தது. வாழைப்பழத்தை வாங்கித் தானே உரித்துத் தின்றது. பக்கத்திலேயே இருந்த ஆஸ்பத்திரியில் காட்டினார்கள். விரலில் குத்திப் பார்த்த டாக்டர், இப்போது பரவாயில்லை, நல்ல வேளையாகச் சர்க்கரை கொடுத்தீர்கள் என்றார். நல்ல வேளை என்ற சொல் தமிழ்ச்செல்விக்குச் சுருக்கென்றது. அம்மா கடலூருக்கு பஸ் ஏறிவிட்டதாகவும், வேன் நிற்கிற இடத்துக்கே வந்துவிடுவதாகவும் போன் வந்தது.

மைதானத்துக்குத் திரும்பினால் ஸ்ரீதர் சார் வாயெல்லாம் பல்லாக நின்றார். கையில் கப். "செல்வி, ஃபர்ஸ்ட் ப்ரைஸ். அந்த விஷம் ஐட்டத்துக்கு என்னா கைதட்டல் தெரியுமா? அடுத்த வருஷம் இதையே இன்னும் பெருசா பண்றோம்." அவள் அந்தக் கப்பைக் கையால்கூடத் தொடவில்லை.

"வேனுக்குப் போலாம். ரெண்டு ரெண்டு பேரா கை கோத்துக்கங்க" என்றாள் பிள்ளைகளிடம். வழக்கமாகச் சொல்வதுதான். பிள்ளைகள் வழக்கம்போல ஜோடி சேர்ந்தார்கள். ஷாலினி வழக்கம்போல வரிசையின் கடைசிக்குப் போய், இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு தனியாக நின்றாள்.

தினமும் அப்படித்தான் நிற்பாள். புதுப் பிள்ளை, கூச்சம் என்று தமிழ்ச்செல்வி இத்தனை நாளும் நினைத்திருந்தாள். இன்றைக்குத்தான் கிட்டே போய்க் குனிந்து கேட்டாள். "ஏண்டா கைய பின்னால வெச்சிருக்க?"

"எங்கிட்ட சக்கரை இருக்குல்ல மிஸ்" என்றாள் ஷாலினி. அழவில்லை, குறை சொல்லவில்லை. எல்லாருக்கும் தெரிந்த விஷயத்தைச் சொல்கிற மாதிரி சொன்னாள். "என்னத் தொட்டா செத்துருவாங்க."

தமிழ்ச்செல்வி அவள் முதுகுக்குப் பின்னாலிருந்து அந்தக் கையை இழுத்துத் தன் கைக்குள் பொத்திக்கொண்டாள். கொட்டிய சர்க்கரைத் தண்ணீர் காய்ந்து கை பிசுபிசுவென்று ஒட்டியது. ஷாலினி பயந்துபோய் உருவப் பார்த்தாள். அவள் விடவில்லை.

வரிசை கலைந்தது. இளவரசுதான் முதலில் பார்த்தான். "மிஸ், வுட்ருங்க மிஸ்" என்றவன் குரல் கம்மி அழ ஆரம்பித்துவிட்டான். அவனைப் பார்த்து இன்னொன்று, அதைப் பார்த்து இன்னொன்று. இத்தனை நாள் விழுந்து விழுந்து செத்து விளையாடிய பிள்ளைகள் அத்தனையும், மிஸ் இப்போது சாகப் போகிறாள் என்று நம்பி, அவளைச் சுற்றி நின்று தேம்பின.